பொட்டு வைக்காத பேஸ் பாக்ஸ்

அன்றைக்கு ஆயுத பூஜை. திருப்பூரில் அந்த ஒரு நாள் பொட்டு வாங்காத இரும்பே கிடையாது. சவுண்ட் செட் வாடகைக்கு விடும் ராசப்பன் வீட்டு வாசலில் நின்ற மேட்டடார் வேனுக்கு மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம். கேசட் டெக்குக்கு, மைக் ஸ்டாண்டுக்கு, ஏணிக்கு, அரிவாள்மனைக்கு எல்லாம் பொட்டு. ஷெட்டுக்குள் வரிசையாக நின்ற, பாட்டுக்கு அதிர்வு கொடுக்கும் நாலு பெரிய பேஸ் பாக்ஸ்களின் நெற்றி மட்டும் மொட்டையாக இருந்தது. எரிந்துபோன செட்டுக்கு எதற்குப் பொட்டு என்று விட்டிருப்பார்கள் என நினைத்தேன். அப்போது நான் அவ்வளவு புத்திசாலி.

நான் மயிலாள். ஒன்பது வருஷம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து முதுகைக் கெடுத்துக்கொண்டு, வாயை மட்டும் கெடாமல் காப்பாற்றி வெளியே வந்தவள். இப்போது துப்பறியும் அர்த்தநாரிக்கு உதவியாளர். அவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பதினைந்து வருஷம் எரிந்த பஞ்சுக் குடோன்களை மோந்து பார்த்தவர். சாம்பலைப் பார்த்தால் பக்திமான் மாதிரி குனிந்துவிடுவார். அன்றைக்கும் ஷெட்டுக்குள் நுழைந்ததும் கரிந்துபோன ஆம்ப்ளிபயர் முன்னால் மண்டி போட்டுவிட்டார்.

"எழுந்திரிங்க சார், பூசை ஆறு மணிக்குத்தான்," என்றேன்.

ராசப்பன் சிரிக்கவில்லை. நாற்பது வயது, மூன்று நாள் தாடி, தூங்காத கண். போன ஞாயிற்றுக்கிழமை பொங்கியண்ணன் பனியன் கம்பெனியின் பத்தாவது ஆண்டு விழாவில் அவருடைய செட்டைத்தான் கட்டியிருந்தார்கள். சரக்கு வாங்கும் ஜெர்மன் பையர் மாலையும் கழுத்துமாக மேடை ஏறிய நேரம் ஆம்ப்ளிபயர் புகைந்து, தீப்பிடித்து, பாட்டு செத்துவிட்டது. பையர் மாலையோடு வெளியே ஓடினார். அரை மணி நேரத்தில் பக்கத்து காம்பவுண்டில் வேஸ்ட்டுத் துணி குடோனும் வைத்திருக்கும் போட்டி செட்டுக்காரர் தங்கவேலு தன் பழைய குழாய் செட்டைத் தூக்கி வந்து விழாவைக் காப்பாற்றிவிட்டார்.

"அந்தத் தங்கவேலு கைய கட்டிக்கிட்டுச் சிரிச்சுட்டே நின்னு பார்த்தானுங்க," என்றார் ராசப்பன். "என்ற செட்டு எரியறதை. அதே மாதிரி அவன்றது எரியறதை நான் நின்னு பார்க்கோணும். இன்னிக்கு ஆறு மணிக்கு அதே கம்பெனில பூசை, அவன் செட்டுத்தான். அதுக்குள்ள அவன்தான்னு நீங்க ஆதாரம் குடுத்தீங்கன்னா போலீசு. இல்லீன்னா இது."

மூலையில் மஞ்சள் கேன் ஒன்று இருந்தது. மண்ணெண்ணெய் வாசம் எங்கள் மூக்குவரைக்கும் வந்தது.

"அந்த முற்றத்துல சுத்தியும் பனியன் பேல் கட்டு அடுக்கியிருக்கும்ங்க," என்றேன். "எரநூறு பொம்பளைங்க இருப்பாங்க. செட்டு எரிஞ்சா அதோட ஊரும் எரியும்."

"எரியட்டும்ங்க," என்றார். அதை அவர் சும்மா சொல்லவில்லை.

சார் தலை நிமிராமல் கேட்டார். "இந்த செட்டை யார் சொல்லி வாங்கினீங்க?"

"நானே பார்த்துப் பார்த்து எடுத்ததுங்க. ஆறு மாசம். கோயமுத்தூர்ல அசெம்பிள் பண்ணறவரு பதினஞ்சு இஞ்சு ஸ்பீக்கர் ரெண்டு, பேஸுக்கு ஒண்ணே ஒண்ணு போதும், வேன்ல ஏத்தி இறக்கற செட்டுக்கு அதுதான் அளவுன்னாருங்க. நான் ஒத்துக்கலை. பதினெட்டு இஞ்சு சப்-ஊஃபர் நாலு. நின்னா நெஞ்சுல குத்தோணும்ல. அப்பத்தான் டிஸ்கோ செட்டுன்னு கூப்புடுவாங்க."

"நாலுக்கும் ஆம்ப்ளிபயர்?"

"ஒண்ணுதாங்க. ரெண்டாவது அடுத்த வருசம்."

சார் ஆம்ப்ளிபயரின் பின்பக்கத்திலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியைக் கழற்றினார். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம். உள்ளே மெல்லிய இழை அறுந்து கிடந்தது, வெளியே சுற்றி முறுக்கிய தடித்த செம்புக் கம்பி. "இது யாரோட கைங்கரியம்?"

ராசப்பன் தரையைப் பார்த்தார். "நானுங்க. அடிக்கடி ஃபியூஸ் போயி பாட்டு நின்னுருச்சு. அதான் கம்பி."

"இதைக் கட்டலீன்னா ஃபியூஸ் அறுந்து பாட்டு மட்டும் நின்னிருக்கும். தீப்பிடிச்சிருக்காது."

சார் மேல்மூடியைத் தூக்கினார். விசிறிக்கும் சூடு தணிக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் ஒரு உருண்டை. பாதி கரி, பாதி துணி. யாரோ மூடியைக் கழற்றி, காற்று போகும் வழியை நிதானமாக அடைத்து, திரும்ப ஸ்க்ரூ மாட்டியிருக்கிறார்கள். பத்து நிமிஷம் சோதித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாலு பேஸ் பாக்ஸை ஒரு மணி நேரம் முழுச் சத்தத்தில் அடித்தால் அடுப்பாகிவிடும்.

"அம்மிணி, இது உன்ற பாஷை," என்று அந்த உருண்டையை என் கையில் வைத்தார்.

கரியாகாத பக்கம் மயில்கழுத்து நிறம். நடுவே மஞ்சள் கோடு. ராசப்பன் எட்டிப் பார்த்துத் துள்ளினார். "பொங்கியண்ணன் கம்பெனி ஆர்டருங்க. அந்த வேஸ்ட்டுத் துணி தங்கவேலு குடோன்ல மூட்டை மூட்டையா கெடக்கும். இதுக்கு மேல என்னுங்க வேணும்?"

அந்த நேரம் ராசப்பனின் மனைவி தட்டில் பொரியும் கடலையும் கொண்டுவந்து வைத்தார். ஒடிசலான தேகம், வலது ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிய பழைய தழும்பு. எனக்கும் அதே இடத்தில் ஒன்று உண்டு. பாக்ஸ்களுக்கு மேலே பலகையில் சீரியல் பல்பு வைத்து 'பொன்னாத்தாள் சவுண்ட்ஸ்' என்று எழுதியிருந்தது.

"என்ற சம்சாரம் பேருங்க," என்றார் ராசப்பன். அத்தனை கோபத்திலும் அதில் ஒரு பெருமை. "எத்தனை பேரு பொண்டாட்டி பேரை லைட்டு போட்டு ஊரெல்லாம் கொண்டு போறானுங்க?"

"ஆமாங்க," என்றார் பொன்னாத்தாள். "ஆரும் கொண்டு போக மாட்டாங்க."

தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பொரியைக் கொறித்தேன். மூளைக்குப் பதில் வாய்க்கு வேலை கொடுப்பது என் பழைய வியாதி.

சாரின் ஸ்கூட்டர் நாலாவது உதையில் கிளம்பியது. கம்பெனி முற்றத்தில் தங்கவேலு ஏணி மேல் நின்று குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். நல்ல தொந்தி. எங்களைப் பார்த்ததும் இறங்கவில்லை. மேலிருந்தே பேசினார்.

"ராசப்பன் அனுப்பிச்சானுங்களா? நான் எரிச்சேன்கறானா?"

"நீங்க சிரிச்சீங்கன்னாருங்க," என்றார் சார்.

"சிரிச்சேன். மறைக்கல. ஒத்தை ஆம்ப்ளிபயர்ல நாலு பேஸ் பாக்ஸை மாட்டாதே, ஒரு காளையக் கொண்டு நாலு ஏரு ஓட்டற கதைன்னு மூணு தடவை சொன்னேன். பொறாமைன்னான். அந்த செட்டு வந்ததுல இருந்து என்ற கிராக்கிய ஒண்ணொண்ணா இழுத்தான், 'பழைய குழாய் செட்டு'ன்னு மைக்லயே கேலி பண்ணினான். எரிஞ்சப்ப எனக்குக் குளுகுளுன்னு இருந்ததுங்க. அதுக்காக நான் போயி எரிப்பனா? எரியத்தான் போகுதுன்னு தெரிஞ்சதுக்கு நான் எதுக்கு மெனக்கெடோணும்?"

இப்படிப் பேசுகிறவனை நம்பலாமா கூடாதா என்று யோசித்தபடி ஏணிக்குக் கீழே நின்ற அவருடைய ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்றின் பின்பலகையைத் தட்டினேன். இந்த ஊரில் இரைச்சலை அடக்க ஸ்பீக்கர் பாக்ஸுக்குள் பஞ்சு வைக்கிறவன் கிடையாது. பனியன் வேஸ்ட்டுதான் சும்மா கிடைக்கிறதே. இரண்டு ஸ்க்ரூவைத் திருகி உள்ளே கை விட்டேன். மயில்கழுத்து நிறம் கொத்தாக வந்தது. மஞ்சள் கோடு.

சார் என்னைப் பார்த்தார். தங்கவேலுவின் தொந்தி அசைவதை நிறுத்தியது.

"ராசப்பன் பார்த்தா இப்பவே தீக்குச்சி உரசுவாரு," என்றேன். "நல்லவேளை, நான் பார்த்தேன். சார், இது வேற, அது வேற."

"நிறம் ஒண்ணுதானே அம்மிணி?"

"நிறம் ஒண்ணுதான். பொறப்பு வேற. இதைப் பாருங்க, அகலத் துண்டு, கழுத்து வளைவு தெரியுது. கட்டிங் மேஜைல விழுந்தது. ஆம்ப்ளிபயர்ல இருந்தது நாடா மாதிரி. ஓவர்லாக் மிஷின் தைக்கும்போதே ஓரத்தைச் சீவிப் போடுமே, அது. கட்டிங் வேஸ்ட்டு மூட்டை மூட்டையா வெளிய போகும். இந்த ஓரம் தைக்கிறவ காலடில விழுகறது. அவளே கூட்டி அள்ளுவா."

தங்கவேலு இரண்டு படி இறங்கினார். "அந்த ஆர்டரு வைகாசிலயே முடிஞ்சுதுங்க. தையல் கம்பெனிக்குள்ள நடக்கல. ஊடுகளுக்கு ஜாப் ஒர்க் குடுத்தாங்க."

நான் கரிந்த நாடாவை வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் ஒரு ஓரத்தில், கால் அங்குலத்துக்கு ஒரு தடவை, குட்டிப் பல் மாதிரி ஒரு பிசிறு. ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு பிசிறைப் பார்த்தால் சூப்பர்வைசர் வருவதற்குள் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுவேன்.

"மிஷின் கத்தில பல் விழுந்திருக்கு சார். கத்தி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல கையெழுத்துப் போடுது. இந்தக் கையெழுத்து யாருதுன்னு அங்கமுத்து அண்ணனுக்குத் தெரியும்."

ஓவர்லாக் மிஷினுக்கு உடம்பு சரியில்லை என்றால் திருப்பூரில் பாதிப்பேர் அங்கமுத்துவிடம்தான் போவார்கள். பழசை வாங்கி விற்கிறவரும் அவர்தான். கடையில் பதினெட்டு மிஷின் வரிசையாக நின்றன. பூஜை முடிந்திருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே அளவுப் பொட்டு, கடைக்காரப் பொட்டு, அவசரமாகக் கட்டைவிரலால் இழுத்தது. கடைசியில் நின்ற மிஷினுக்கு மட்டும் சந்தனத்தைக் குழைத்து வட்டமாக வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, கனகாம்பரச் சரம் சுற்றியிருந்தது.

"இது மட்டும் கல்யாணப் பொண்ணுங்களா?" என்று கேட்டேன்.

அங்கமுத்து நெற்றியைச் சொறிந்தார். "காத்தால ஒரு அம்மா வந்துச்சு. ஒண்ணும் கேக்கல. வச்சுட்டு, கும்பிட்டுட்டு, கொஞ்ச நேரம் அந்த ஸ்டூல்ல உக்காந்துட்டுப் போச்சு. பூசை நாள்ல என்னத்தைக் கேக்கறதுன்னு விட்டுட்டனுங்க."

நான் குனிந்து மிஷினின் கத்தியை நகத்தால் தடவினேன். நடுவில் ஓர் இடத்தில் நகம் இடறியது.

"ஓட்டிப் பார்க்கலாமா?" என்றார் சார்.

"அய்யோ, இன்னிக்குப் பூசை போட்டதுங்க. நாளைக்குத்தான் ஓட்டோணும்," என்று அங்கமுத்து குறுக்கே வந்தார்.

ஓட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. கத்திக்குக் கீழே விரலை விட்டுத் துழாவினேன். கழிவு விழும் சந்தில் ஒரு துண்டு நாடா சிக்கியிருந்தது. இழுத்தேன். மயில்கழுத்து, மஞ்சள் கோடு, ஓரத்தில் பல்.

"இந்த மிஷின் எப்ப வந்துச்சு?"

"ஆனி மாசம். வந்ததுல இருந்து தொடவேயில்லீங்க."

"யார் கொண்டாந்தது?"

"நம்ம டிஸ்கோ செட்டு ராசப்பன்தானுங்க. வேன்ல கொண்டாந்து இறக்கிட்டு, பேஸ் பாக்ஸ் எடுக்கப் போறேன்னு அவசரமாப் போனாரு."

நானும் சாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பொரித் தட்டை நீட்டிய விரலில் இருந்த ஊசித் தழும்பு எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மணி நாலரை.

திரும்பிப் போனபோது ராசப்பன் இல்லை. மூலையில் கேனும் இல்லை. பொன்னாத்தாள் ஷெட் வாசலில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்தார். நான் அந்தத் துண்டு நாடாவை அவர் மடியில் வைத்தேன். எடுத்துப் பார்த்தார். பயப்படவில்லை.

"இது எங்கீங்க இருந்துது?"

"நீங்க பொட்டு வச்ச மிஷினுக்குள்ள."

நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "எங்கம்மா செத்துப்போயி, கணியூர்ல பதினாறாம் நாளு கும்பிட்டுட்டு வந்தனுங்க. என்ற மிஷின் இருந்த எடத்துல இந்த நாலு பொட்டி நிக்குது. மேல என்ற பேரு. லைட்டைப் போட்டு, 'பாரு புள்ள'ன்னாருங்க. சந்தோசப்படுவேன்னு நெனைச்சிருக்காரு. அடுத்த மாசம் இன்னும் ரெண்டு மிஷின் சேர்த்து சொந்தமா யூனிட்டு போடறதா இருந்தனுங்க. கம்பெனில ஆர்டர் குடுக்கறேன்னு சொல்லியாச்சு. அவருக்கும் தெரியும்."

"கேட்டிருக்கலாமே அவர்கிட்ட," என்றார் சார்.

"அவரு என்னைக் கேட்டாருங்களா?"

எனக்கு அந்த நிமிஷம் ஒரு கேன் கிடைத்தால் யார் தலையில் ஊற்றியிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

"கடைசியாத் தைச்ச ஓரத்தைத் தலகாணிக்குன்னு பையில கட்டி வச்சிருந்தேன்," என்றார் பொன்னாத்தாள். "செட்டு எடுக்க அலைஞ்ச ஆறு மாசமும் சோறு போட்டா வாட்டுப் பேச்சு, கொழம்பு ஊத்துனா ஓம்ஸ் பேச்சு. எது சூடாகும், எந்த ஓட்டைய மூடக்கூடாதுன்னு அவருதானுங்க சொல்லிக் குடுத்தாரு. அத்தனை பேரு முன்னாடி பாட்டு நிக்கோணும், அவரு பேந்தப் பேந்த முழிக்கோணும். நான் வந்து நின்னு முழிச்சனே, அந்த மாதிரி. தீப்பிடிக்கும்னு நெனைக்கல. கம்பி கட்டினது இன்னிக்கு நீங்க பேசறப்பத்தான் காதுல விழுந்துதுங்க."

"தெரிஞ்சிருந்தா?" என்று நான் கேட்டேன்.

பூவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "கம்பியக் கழட்டிப்போட்டு அப்புறம் துணிய வச்சிருப்பனுங்க. ஆனா வச்சிருப்பேன்."

"சார்," என்றேன், "இந்தப் பேரை நம்ம கிளையண்ட்டுக்குச் சொல்லத்தான் வேணுமா? எலி கடிச்சுதுன்னு எழுதலாம்."

"எலி ஸ்க்ரூ மாட்டாது அம்மிணி. சொல்லலீன்னா ஆறு மணிக்குத் தங்கவேலு எரிவாரு."

பொன்னாத்தாள் எழுந்து சேலையை உதறினார். "அவரு மண்ணெண்ணெய் எடுத்துட்டா போயிருக்காரு?" அதுவரை அவர் கேனைக் கவனித்திருக்கவில்லை. மூலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நானே சொல்றனுங்க. அவருக்கு எங்க சொன்னாக் காதுல ஏறும்னு எனக்குத் தெரியும்."

ஸ்கூட்டரில் மூன்று பேர். நடுவில் நான். ஹேண்டில்பார் மேலேயே சார் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கம்பெனி முற்றத்தில் நுழைந்தோம். பேல் மேல் பேலாகச் சுற்றிலும் சரக்கு. புதுச்சேலையில் இருநூறு பெண்கள். தங்கவேலுவின் ஆம்ப்ளிபயர் மேஜைக்குப் பின்னால், கேன் இருந்த துணிப்பையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு ராசப்பன் நின்றிருந்தார். பையின் அடி நனைந்திருந்தது. தீப்பெட்டி மறு கையில்.

சார் அவர் பக்கத்தில் போய்த் தோளில் கை போட்டார். "பேரு கிடைச்சிருச்சுங்க."

"தங்கவேலுதானுங்க?"

"இல்லீங்க. நீங்களே சீரியல் பல்பு போட்டு எழுதி வச்சிருக்கீங்க."

ராசப்பனுக்குப் புரியவில்லை. புரிவதற்குள் மரத்தின் மேலிருந்து குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது. மைக்கைப் பொன்னாத்தாள் பிடித்திருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. பொன்னாத்தாள் சவுண்ட்ஸ்னு ஒரு செட்டு இருக்குதுங்களே, அந்தப் பொன்னாத்தா நாந்தானுங்க. ஞாயித்துக்கெழமை இதே எடத்துல அதைப் பொகைய வச்சதும் நாந்தானுங்க. தங்கவேலு அண்ணனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க."

ராசப்பன் கையிலிருந்து தீப்பெட்டி விழுந்தது. சார் அதை மிதித்துக்கொண்டார்.

"எங்கம்மாளுக்குக் காரியம் பண்ணப் போனப்ப என்ற மிஷினைக் கேக்காம தூக்கிக் குடுத்துட்டாருங்க. பதிலுக்குப் பேரை எழுதி வச்சாரு. இன்னிக்கு உங்க மிஷினுக்கெல்லாம் நீங்க பொட்டு வச்சிருப்பீங்க. என்றதுக்கு நான் கடைல போயி வச்சுட்டு வந்தேன். பேரை நான் திருப்பி எடுத்துக்கறனுங்க. மிஷினை அவரு திருப்பிக் கொண்டாரட்டும். அதுவரைக்கும் நான் கணியூர்ல எங்கண்ணன் ஊட்ல இருப்பேன்." பிறகு, வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில், "ஏனுங்க, அந்தக் கேனைக் கீழ வைங்க," என்றார்.

தங்கவேலு எக்கோ பட்டனை முறுக்கி வைத்திருந்தார் போலிருக்கிறது. வைங்க, வைங்க, வைங்க என்று மரமெல்லாம் சொன்னது. இருநூறு ஓவர்லாக் பெண்களும் ஒரே சமயத்தில் ராசப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊரையே எரிக்க வந்த மனுஷன் பையைக் குனிந்து கீழே வைத்தார். நிமிர்ந்தபோது பேந்தப் பேந்த முழித்தார்.

மறுநாள் விஜயதசமி. காலை எட்டு மணிக்கே மேட்டடார் வேன் அங்கமுத்து கடை வாசலில் நின்றது. நாலு பேஸ் பாக்ஸில் இரண்டைத் தங்கவேலு எடுத்துக்கொண்டு மிஷினை மீட்கக் காசு கொடுத்தார், அதுவும் "ஆம்ப்ளிபயருக்கு ரெண்டுதான் அளவு" என்று ராசப்பன் வாயாலேயே மூன்று தடவை சொல்ல வைத்த பிறகு. மிஷினை ராசப்பன் தன் தோளிலேயே சுமந்து வேனில் ஏற்றினார். யாரும் கை கொடுக்கவில்லை. நான் கொடுக்கப் போனேன், கணியூரிலிருந்து காலையிலேயே வந்து நின்ற பொன்னாத்தாள் பார்த்த பார்வையில் நின்றுவிட்டேன். ஷெட்டுப் பலகையிலிருந்து பெயர் எழுத்துகளை ஏற்கெனவே பிடுங்கியிருந்தார்கள்.

அங்கமுத்து புதுக் கத்தி ஒன்றை எண்ணெய்க் காகிதத்தோடு கொண்டுவந்தார். "பல் விழுந்ததை மாத்திக் குடுத்தர்றேன் அம்மிணி. ரெண்டு நிமிச வேலை."

"வேண்டாமுங்க," என்றார் பொன்னாத்தாள். "அது சரக்குல தெரியாது, கழிவுலதான் தெரியும்."

வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகவே பார்த்துக்கொண்டிருந்த புருஷனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இன்னொருக்கா என்ற மிஷின் காணாமப் போச்சுன்னா, எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியோணும்ல."